திறந்திருந்த மைக்

என் தங்கை றுமானா அப்போது பதினோராம் வகுப்பு. 2021 ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, கிண்ணியாவில் எங்கள் வீட்டு அறையில் பாயில் அமர்ந்து, வாப்பாவின் போனில் விஞ்ஞானப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவலிருந்த வாப்பா, கொவிட் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்பது நாள். ஜெமீலா டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். விடை சொல்ல மைக்கைத் திறந்தாள் றுமானா. அந்த நேரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

உம்மா கதறியதும் றுமானா போனைப் பாயில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மைக் திறந்தே கிடந்தது. முப்பத்திநான்கு பிள்ளைகள் ஏழு நிமிடம் எங்கள் வீட்டைக் கேட்டார்கள்.

கொவிட்டில் இறந்தவர் என்று வாப்பாவின் ஜனாஸாவை வீட்டுக்குத் தரவில்லை.

அதன் பிறகு இணைய வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. விடைகளைத் தட்டி அனுப்புவாள். ஒரு பிழை இருக்காது. நவம்பரில் பாடசாலை திறந்தது. அங்கே தட்டி அனுப்ப வழியில்லை. பெயரைக் கூப்பிட்டால் எழும்புவாள், குரல் வராது. காலையில் ஒரு பிடி புட்டும் இறங்காது. "டீச்சர், றுமானா மியூட்டில" என்பாளாம் பின்வரிசை வாங்கில் இருக்கும் பஸ்மியா. வகுப்பே சிரிக்குமாம்.

இரண்டாம் கிழமை வீட்டாரை வரச் சொன்னார்கள். வாப்பாவுக்காக இத்தா இருந்த உம்மா வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்பதால் நான் போனேன். டீச்சர் வகுப்பு வாசலுக்கு வந்தார். றுமானாவும் பக்கத்தில் நின்றாள்.

"பாடத்த நான் வட்ஸ்அப்பில அனுப்புறன். புள்ள வீட்டிலயே இருந்து படிக்கட்டும். சோதினைக்கு வந்தாக் காணும்," என்றார். பிறகு மெல்ல, "அண்டைக்கு அந்த மைக்க மூட எனக்கும் கை வரல்ல."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது, தலையாட்டப் போனேன்.

"ஏலா, ராத்தா," என்றாள் றுமானா என்னைப் பார்த்து. "இப்ப வீட்டுக்குள்ள போனா நான் பிறகு எங்கயும் பேசமாட்டன்."

விறுவிறென்று உள்ளே போய்க் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள்.

"என்ன புள்ள, மியூட்ட எடுத்திட்டியா?" என்றாள் பஸ்மியா.

"எடுத்திட்டன். எங்கட வீட்டு அழுகைய எல்லாரும் கேட்டீங்கதானே. நான் சொல்ல வந்த விடைய ஒருத்தரும் கேக்கல்ல. இப்பக் கேளுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

இலையில் மாப்பொருள் இருப்பதை எப்படிக் காட்டுவது என்பதுதான் மைக் திறந்த அன்று டீச்சர் கேட்ட கேள்வி. இலையைக் கொதிநீரில் இட வேண்டும் என்று தொடங்கினாள். குரல் உடைந்தது. நிறுத்தி, அதே வசனத்தை முதலிலிருந்து சொன்னாள். மறுபடி உடைந்தது. மறுபடி தொடங்கினாள். அயடீன் விட்டால் இலை கருநீலமாகும் என்று முடிக்கும்வரை ஓரடி நகரவில்லை.

டீச்சர் உள்ளே போய், "சரி மகள், இருங்க," என்றார்.

அவள் போய் உட்காரவில்லை.

"அடுத்த கேள்வியக் கேளுங்க, டீச்சர்."