உளியைக் கடித்துக் கல் பார்த்தவர்

வில்லுக்குறிக்கு வடக்கே குருவிப்பாறையில் கல்வேலை செய்தவர்களில் ஏசுஅடிமையைத் தெரியாதவர் கிடையாது. கல் பார்ப்பதில் ஆள் எமகாதகர். பாறையிலிருந்து பிளந்தெடுத்த கல்லுக்குள் விரிசல் உண்டா இல்லையா என்று மற்றவர்கள் சுத்தியலால் தட்டிக் காதால் கேட்பார்கள். நல்ல கல் கணீரென்னும். விரிசல் கல் தொண்டை கட்டியவன் மாதிரி அடங்கிப் பேசும். ஏசுஅடிமை அப்படியெல்லாம் கேட்க மாட்டார். உளியின் கூரைக் கல்லில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குனிந்திருப்பார். கல்லின் அந்தக் கோடியில் கையாள் பொன்னுலிங்கம் தட்டுவான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, 'எடுக்கலாம்' என்பார், அல்லது 'சவத்தைத் தள்ளு' என்பார். மூன்றாவது பேச்சு கிடையாது. பத்து வருஷத்தில் ஒரு கல்கூடப் பிசகியதில்லை.

அது ஏதோ வித்தை என்று ஊரில் நினைத்தார்கள். வேதக்காரர் ஆனதால் ஜெபம் பண்ணுகிறார் என்றும் சிலர் சொன்னார்கள். வித்தையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. மனுஷனுக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். முப்பது வருஷம் சம்மட்டிச் சத்தத்தில் கிடந்த காதுகள். முதலில் இடது போயிற்று, பின்னாலேயே வலதும் போயிற்று. ஒருநாள் உளியை வாயில் கவ்வியபடி கயிறு முடிந்துகொண்டிருந்தார். கூர் கல்லில் பட்ட நேரம் அந்தப் பக்கம் எவனோ தட்ட, சத்தம் பல் வழியாக ஏறி மண்டைக்குள் மணியடித்தது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டார் இந்த வழியை.

பாறையில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். அது அவருக்கு வசதி. மீதியை வாயசைவில் சமாளித்தார். வீட்டில் சாயங்கால ஜெபம்தான் பெரும்பாடு. மகள்களைக் கட்டிக்கொடுத்த பிறகு அவரும் மனைவி செல்லபாயும் மட்டும். அவள் கண்ணை மூடி ஜெபம் சொல்வாள். இவர் கண்ணைத் திறந்து அவள் வாயையே பார்த்திருப்பார். வாய் நின்றதும் 'ஆமென்'. ஆண்டவருக்குத் தெரியும், மன்னித்துக்கொள்வார் என்று ஒரு தைரியம். ஆனால் பாறையில் தெரிந்தால் மன்னிப்பவர் யார்? செவிடனைக் கல் பார்க்க எவன் கூப்பிடுவான்? அந்த வேலை போனால் அவர் வெறும் ஜல்லி உடைக்கிறவர். அறுபதை நெருங்கும் கைக்கு அதுவும் ஓடாது.

பாறையின் அடிவாரத்தில் ஒரு பழைய கல்மண்டபம் நின்றது. சந்தைக்குச் சுமை கொண்டுபோகும் பெண்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிற இடம். அதன் நடு உத்திரம் முறிந்து தொங்கியது. திரு-கொச்சி சர்க்காரின் தொல்பொருள் இலாகா 1952-இல் அதைச் செப்பனிட ஓவர்சியர் கோலப்ப பிள்ளையை அனுப்பியது. பிள்ளைக்கு ஆயிரம் நிபந்தனை. சிமெண்ட் பூசக் கூடாது. பழைய கல்லின் கறுப்பைச் சுரண்டக் கூடாது. புது உத்திரம் பழைய கல் எடுத்த அதே பாறையிலிருந்துதான் வர வேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் அந்தக் காலத்து ஆட்கள் ஆப்பு அடித்த குழி வரிசை இருந்தது. அதை ஒட்டியே புதுக்குழி வெட்டி, ஆப்பு இறக்கி, பத்தடிக் கல்லைப் பிளந்தார்கள்.

கல் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் ஏசுஅடிமையின் பல் போயிற்று. மேல்வரிசையில் அந்த ஒன்றுதான் மிச்சமிருந்தது. இத்தனை வருஷம் உளியைக் கடித்தபோது அசையாத பல், அவித்த மரச்சீனிக் கிழங்கில் கழன்று வந்தது. செல்லபாய் பார்த்தாள். மீதிக் கிழங்கை மசித்துக் கொடுத்தாள்.

மறுநாள் பிள்ளையும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். உளியை ஈறில் வைத்தார், வழுக்கியது. நெற்றியில் வைத்தார். பொன்னுலிங்கம் தட்டியது தலையில் குட்டியது போலத் தெரிந்ததே தவிர, கல் ஒன்றும் சொல்லவில்லை.

"எப்பிடி வே?" என்றார் பிள்ளை.

'எனக்குத் தெரியலை' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"எடுக்கலாம்."

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இவருக்குச் சொல் நின்றது, அதற்கு முட்டுக்கொடுக்கத்தான் ஒன்றுமில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் மண்ணைச் சரிவாகக் கொட்டி, உருட்டுத்தடி வைத்து, நாற்பது பேர் வடம் பிடித்து உத்திரத்தை ஏற்றினார்கள். மேலே ஆறு மூடுகற்கள். கறுத்த பழைய கற்களுக்கு நடுவே, கட்டிய பல் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது புது உத்திரம். அன்றிலிருந்து மத்தியானமானால் ஏசுஅடிமை மண்டபத்துக்குப் போய் அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார். வேறு யாராவது ஒதுங்க வந்தால், "மரத்தடியில காத்து நல்லாருக்கு, அங்க போ" என்று விரட்டினார். கிழவருக்குத் தன் வேலையில் இவ்வளவு பெருமையா என்று பிள்ளை சிரித்தார். பெருமையாவது, புண்ணாக்காவது! விழுந்தால் தன் தலையில் மட்டும் விழட்டும் என்றுதான் அந்த இருப்பு.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மழை கொட்டியது. சந்தைக்குப் போன பெண்கள் எட்டுப் பத்துப் பேர் தலைச்சுமையோடு மண்டபத்துக்கு ஓடி வந்தார்கள். ஏசுஅடிமை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

"உள்ள வரப்பிடாது."

"மண்டபம் உம்ம அப்பன் கெட்டினதா? நகரும் வே, பிள்ளத்தாச்சி நனையுதா பாரும்," என்றாள் ஒருத்தி. அவர் அசையவில்லை. மரத்தடியில் படுதா கட்டி ஒதுங்கியிருந்த ஆட்களும் பிள்ளையும் வந்துவிட்டார்கள். "உமக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா வே? வழிய விடும்," என்றார் பிள்ளை.

கஞ்சிக் கலயத்தோடு வந்த செல்லபாய் இதைப் பார்த்தாள். நேரே அவரிடம் போய், ஊர்க் கண்ணுக்குப் பயந்து முந்தானையால் வாயை மறைத்தபடி மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் முழித்தார். இன்னொரு தடவை சொன்னாள். அவர் கையை விரித்தபடியே நின்றார். செல்லபாய் கலயத்தைத் தரையில் வைத்தாள். அவர் காதருகே வாயைக் கொண்டுபோய், மழைக்கும் மேலே கத்தினாள்.

"அது நல்ல கல்லு! தூக்குறதுக்கு மொத நாளு நான் உலக்கைப் பூணால தட்டிப் பாத்தாச்சு! கையத் தாழ்த்துங்க!"

இந்தத் தடவை கேட்டது. "நீ என்னத்தைக் கண்டே கல்லைப் பத்தி?" என்றார்.

"நாப்பது வருசமா பானை தட்டி வாங்குதவளுக்கு கல்லு தட்டத் தெரியாதா? உங்களுக்குச் செவி கேக்காதுன்னு பத்து வருசமா எனக்கு அறியும். ஜெபத்துல கண்ணத் தொறந்து என் வாயப் பாத்துட்டு இருப்பீங்க. நானும் ஒரு நாளு தொறந்து பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ல? மெதுவாச் சொன்னா உங்களுக்குக் கேக்காது. உரக்கச் சொன்னா ஊருக்குக் கேக்கும்."

ஊருக்குக் கேட்டுவிட்டது. பொன்னுலிங்கம் தரையைப் பார்த்தான். ஏசுஅடிமை கைகளைத் தாழ்த்தி ஒதுங்கினார். பெண்கள் தலைச்சுமையை இறக்கி வைத்து, உத்திரத்தின் கீழே ஈரம் பிழிந்தார்கள். அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்குக் கஞ்சி இறங்கியது.

அடுத்த வாரம் மூலைக்கல் ஒன்று பார்க்க வேண்டியிருந்தபோது, பிள்ளை செல்லபாய்க்கு ஆளனுப்பினார். உலக்கையை ஏசுஅடிமை சுமந்து வந்தார். அவள் தட்டிக் கேட்டாள். எந்தக் கோடியில் தட்ட வேண்டும் என்று அவர் விரலால் காட்டினார்.

மழை பெய்த அன்று சாயங்காலமே வீட்டில் ஒன்று நடந்தது. செல்லபாய் ஜெபத்துக்கு உட்கார்ந்தாள். ஏசுஅடிமை எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் முடிந்ததும் அவள் அவருடைய முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஆமென்," என்றார்.