விலகி நிற்கும் எலக்ட்ரான்

சிவகாசியில் பள்ளிக்கூடச் சார்ட் அச்சடிக்கும் மெஷின்காரர் அவர். நகக்கண்ணெல்லாம் நீல மை, கழுத்தில் ஒரு லென்ஸ். அறிவியல் வாத்தியாரான நான் அணு அமைப்புச் சார்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். நடுவில் புரோட்டானும் நியூட்ரானும். சுற்றி வட்டங்கள், அவற்றின்மேல் மஞ்சள் எலக்ட்ரான்கள். ஒவ்வொரு தாளையும் லென்ஸில் பார்த்து, எலக்ட்ரான் வட்டத்தைவிட்டு மயிரிழை விலகியிருந்தாலும் கிழித்துப் போட்டார்.

“விடுங்க, நெசத்துல எலக்ட்ரானுக்கு வட்டப் பாதையே கிடையாது. இன்ன இடத்துல இருக்குன்னே சொல்ல முடியாது” என்றேன்.

லென்ஸை இறக்கினார். “இது வாத்தியாருக எல்லாத்துக்கும் தெரியுமா சார்?”

“தெரியும். பிள்ளைகளுக்குப் புரியணும்னுதான்...”

“பிள்ளைக படிக்கிறதாச்சேன்னு இருவது வருசமா கிழிச்சுப் போடுறேன். ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே. எம் மகளும் இத வரஞ்சுதான மார்க்கு வாங்குனா.” மெஷினை நிறுத்தினார். “இப்ப எப்படி அடிக்கச் சொல்றீக?”

“இதே மாதிரிதான்.”

மறுபடி ஓட்டினார். லென்ஸைத் தொடவே இல்லை.

என் வகுப்பில் தொங்கும் சார்ட்டில் எலக்ட்ரான்கள் வட்டத்தைவிட்டு விலகி நிற்கின்றன. அச்சடித்தவர் தப்புச் செய்துவிட்டார் என்கிறார்கள் பிள்ளைகள். நான் மறுப்பதில்லை.