சொல்லாமல் அழுத அழுகை

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பிரிஞ்சாங் மலையூரில் செல்வமும் நானும், இரண்டு ஆண்கள், பதினெட்டு வருடமாகக் காதலோடு சேர்ந்து வாழ்கிறோம். பூ வியாபாரம்.

ஒரு ஞாயிறு மதியம், நடுவயதில் பழைய காதலனைச் சந்திக்கும் ஒருவனின் கதையைச் சொல்லும் படம் பார்த்தோம். இளவயதில் என்னை விட்டுப் போன டேவிட் நினைவுக்கு வர, அழுதுவிட்டேன். செல்வம் ஏன் என்று கேட்டான்.

"ஒன்னும் இல்லலா" என்றேன். அதுதான் தவறு.

நான் இன்னும் பழைய காதலை நினைத்து ஏங்குவதாக எண்ணி, மறுநாள் காலையில் அவன் பையோடு கோலா தெர்லாவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். பதறிப்போய் மோட்டார் சைக்கிளில் அங்கே போனேன். அக்கா முன்னாலேயே சொன்னேன்.

"டேவிட் அப்ப என்ன விட்டுட்டுப் போனத நெனச்சு அழுதேன். இத்தன வருசமா நீ போகாம இருந்தத நெனச்சும்தான் அழுதேன்."

செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை என்னை 'தம்பியோட கூட்டாளி' என்றே சொல்லிவந்த அக்கா, "மாப்ள, சாப்ட்டுட்டு ரெண்டு பேரும் ஒன்னா வீட்டுக்குப் போங்க" என்றார்.

இப்போதெல்லாம் மனதில் இருப்பதை அவனிடம் அன்றே சொல்லிவிடுகிறேன்.