அடுத்த நோயாளியின் பெயர்

ஒன்பது ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்திரண்டாம் வயதில் என் தம்பி மனைவி மீண்டும் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு மாதச் சோதனைக் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

அவளிடம் ஒப்படைக்கப்பட்டது, கண் மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுக்கான செஷன் பீன். ஜாவாவில் எழுதப்படும் சிறு நிரல் அது. சர்வருக்குள் இருந்துகொண்டு, கேட்பவருக்குக் கேட்ட வேலையைச் செய்து கொடுக்கும். எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத வகையை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். அத்தகைய பீனின் சில பிரதிகளைச் சர்வர் தயாராக வைத்திருந்து, ஓய்வாக இருப்பதை அடுத்தவருக்குக் கொடுக்கும். ஆகவே, ஒருவர் சொன்னதை அது தன்னிடம் முடிந்து வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆறாம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை, நிரலின் பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே ஜார் கோப்பாகக் கட்டிச் சோதனைக்கு அனுப்பினாள். சோதனை செய்பவரை அலுவலகம் ‘நொட்டை’ என்றே அழைக்கும். குறை சொல்லாமல் அவர் எதையும் விட்டதில்லை. அவரே தேர்ச்சி அளித்துவிட்டார். மூன்று மணிக்குக் கோப்பு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு மணிக்கு மேலாளர் அவளுடைய நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்திடுவார்.

மதியம், நிரலை மறுபடியும் படித்தவளின் கண்ணில் ஒரு வரி உறுத்தியது. முதல் அழைப்பில் நோயாளியின் பெயரை வாங்கிப் பீனுக்குள்ளேயே வைத்துவிட்டு, நேரத்தைப் பதியும் இரண்டாம் அழைப்பில் அதை எடுத்திருந்தாள்.

நொட்டையைத் தன் இருக்கைக்கு அழைத்து, சந்தேகத்தைச் சொன்னாள்.

“அதான் நானே பாஸ் போட்டுட்டேனே. உங்களுக்கு நல்லது நடந்தா பொறுக்காதா?”

“நீங்க தனியாத்தானே பாத்தீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒருதரம் பாத்துடுவோம்.”

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு அவர் தம் மாமியாரின் பெயரைக் கொடுத்தார். அவர் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள், பக்கத்துக் கணினியில் அவள் தன் மகளின் பெயரைக் கொடுத்தாள். அவர் உறுதி செய்தார். அவருடைய திரையில் மாமியாருக்குப் பதிலாக அவள் மகளின் பெயர் வந்து நின்றது.

“உங்க பொண்ணுக்குக் கண்புரை ஆபரேஷனா? ஏழாங்கிளாஸ்தானே படிக்கிறா?” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். “முதல்ல லெட்டர் கைக்கு வரட்டும். திங்கட்கிழமை சத்தமில்லாம மாத்திடலாம்.”

“நடுவுல சனிக்கிழமை இருக்கே. அன்னைக்குத்தான் அங்க கூட்டம் அலைமோதும்.”

எழுந்து மேலாளரின் அறைக்குப் போனாள்.

“இப்ப வந்து சொல்றீங்களேம்மா,” என்றார் அவர்.

“இப்பத்தான் சார் எனக்கே தெரிஞ்சுது.”

பெயரைப் பீனுக்குள் வைப்பதை விட்டு, நேரத்தோடு சேர்த்து ஒரே அழைப்பில் அனுப்புமாறு மாற்றினாள். மீண்டும் ஜாராகக் கட்டினாள். நொட்டை, வேறு இருவரையும் கூட்டிவந்து நால்வராக அமர்ந்து சோதித்தார். கோப்பு போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. மேலாளர் கடிதத்தில் கையெழுத்திடவில்லை. சோதனைக் காலத்தை நீட்டியிருந்தார்.

வீட்டில், சாப்பாட்டு மேசையில் தம்பி கேட்டான்:

“என்ன சொன்னாங்க?”

“இன்னும் ரெண்டு மாசம் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம்.”

“நான் பதினஞ்சு வருஷமா பாத்துட்டிருக்கேன். நானே இன்னும் முடிவு பண்ணலை.”

அவள் சிரித்துவிட்டாள்.