தன்னை அருவருக்கிறவன் பாடும் பாட்டு

விசுவாசிகளே, என் வாயைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன வருஷம் சாம்பல் புதன் அன்று என் வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை. இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்து, நடுவில் புண் இருந்தது. சோற்றை விரலால் உள்ளே தள்ளுவேன். என் மூச்சு நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திருப்பினால் மூக்கும் கூடவேதானே வரும்.

நான் எட்டாம் வகுப்பு முடிக்காதவன். எளாவூரில் லாரி கழுவினேன். மீஞ்சூரில் மூட்டை தூக்கினேன். எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. கடைசியாகத் தோணிரேவுக்கு வந்து, ஏரியில் இறால் தடவுகிறவர்களோடு சேர்ந்தேன். இந்த வேலைக்கு வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்க வேண்டும். கைகள் வேலையில் இருப்பதால், இறால் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அதற்குப் பரி என்று பெயர்.

குனிந்திருக்கும்போது ஏரித் தண்ணீர் வாய்க்குள் ஏறும். சேறு, அழுகின பாசி, ஊர் கழித்துவிட்ட எல்லாம் அதில் இருக்கும். அந்த ருசி தெரியாமலிருக்க நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பரியைக் கடிப்பதற்கு முன் இடது கன்னத்தில் மாவாவை அடக்கிக்கொள்வேன். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு. வாயைத் திறந்தால் பரி போய்விடும் என்பதால் துப்பவும் முடியாது. விழுங்குவேன். மூன்று வருஷம் விழுங்கினேன்.

அந்தச் சாம்பல் புதன் அன்று பரியைக் கடிக்க வாய் திறக்கவில்லை. பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த கன்னியம்மா அக்கா நிமிர்ந்து பார்த்தது.

"இன்னாய்யா, வாயப் பொத்திக்கினு நிக்குற?"

"தொறக்கல அக்கா."

"தொறந்தா மட்டும் இன்னா வாசமா வரப்போவுது? நீ மூச்சு வுட்டாலே இறாலு செத்து மெதக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கன்னம் இழுத்துக்கொண்டது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கன்னத்துச் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "பத்து நாள் கழிச்சு வாங்க. புற்றா இல்லையானு அப்பத்தான் தெரியும்" என்றார் டாக்டர். அந்தப் பத்து நாளும் மாவா போட்டேன். தையல் போட்ட புண்ணின் மேலேயே போட்டேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

எங்கள் சபையில் எனக்கு அடிக்குரல் இருக்கிறது என்று பாடகர் குழுவில் சேர்த்திருந்தார்கள். பெரிய வெள்ளிக்காக எஸ்தர் டீச்சர் ஒரு பழைய பாட்டைப் பழக்கினார். ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் கோயிலில் பாடினதாம். வார்த்தைகளைத் தமிழில் டீச்சரே அமைத்திருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு மெதுவு. "இரங்கும்" என்ற ஒரு சொல்லைப் பாடி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது.

"டீச்சர், கொஞ்சம் ஓட்டலாமே. சாவு வீடு மாதிரி இருக்குது" என்றேன்.

"ஓடக்கூடாது தம்பி. நாடி ரெண்டு தடவ அடிச்சா பாட்டு ஒரு அடி வைக்கணும். மைனர்ங்கிற சோகமான சுர வரிசையில இருக்குறதால அழுகைனு நினைக்கிறீங்க. இது அழுகை இல்ல. தன்னப் பாத்துத் தானே அருவருக்கிறவன் பாடுறது. அப்படிப்பட்டவன் எப்படி வேகமா பாடுவான்?"

என் முகம் போன போக்கை டீச்சர் பார்த்துவிட்டார். ஜி மைனரில் இருந்த பாட்டை எனக்காக ஈ மைனருக்கு இறக்கினார். மேல் சுரத்துக்கு வாயை அகலத் திறக்க வேண்டும், என்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு பரியின் ஓரத்தை மட்டும் முன்பல்லால் கவ்விக்கொண்டு, ஏரியில் குனிந்தபடி அந்தப் பாட்டையே மனசுக்குள் ஜெபமாகச் சொன்னேன். ஒரு கை தடவ "இர", மறு கை தடவ "ங்கும்". சுகத்தைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, நாக்கை எடுத்தாலும் எடுத்துக்கொள்ளும். இந்த ஆசையை எடுத்துவிடும்" என்று கேட்டேன்.

பத்தாம் நாள் காலையில் மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்றேன். பட்டணத்துக்கு ஒரு வண்டி, எதிர்த்திசையில் கூடூருக்கு ஒரு வண்டி. முடிவைக் கேட்கப் பயந்து கூடூர்ப் பக்கம் ஓடிவிடத் தீர்மானித்தேன். ஓடுவது எனக்குப் பழக்கம். பயத்துக்கு மாவாவை எடுத்து வாயில் வைத்தேன்.

வைத்ததும் குமட்டியது. மூன்று வருஷம் விழுங்கின சேறும் எச்சிலும் புகையிலையும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்ததுபோல் இருந்தது. தண்டவாளத்தின் மேல் வாந்தியெடுத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து போனார்கள். கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். மறுபடியும் குமட்டியது. நான் கேட்ட ஜெபத்துக்கு இதுதான் பதில் என்று அங்கேயே விளங்கியது. ஒளியும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. அருவருப்பு வந்தது. கூடூர் வண்டி என் முன்னால் நின்று, போனது. நான் ஏறவில்லை.

"புற்று இல்ல. ஆனா அந்த வழியிலதான் போய்க்கினு இருந்தீங்க. இன்னொரு தடவ போட்டா என்கிட்ட வராதீங்க" என்றார் டாக்டர். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துத் தினமும் பயிற்சி செய்யச் சொன்னார். முதலில் பதினைந்து குச்சி. ஈஸ்டர் கழிந்து இருபத்திரண்டு. இப்போது மூன்று விரல் போகிறது. தழும்பு இருக்கிறது, காரம் இன்னும் எரிகிறது. முழுச் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பரியை இனிப் பல்லால் கடிக்கக் கூடாது என்றதும் கன்னியம்மா அக்கா பழைய வலைக் கயிற்றால் அதை என் கழுத்தில் கட்டிவிட்டது. "மாட்டுப் பொங்க மாடாட்டம் கீற, போ" என்றது. அக்கா நம் சபையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் அந்தக் கை மூலமாகவும் ஆண்டவர் எனக்கு உதவினார்.

பெரிய வெள்ளி அன்று பாடினோம். கடைசி வரியில் எல்லாரும் மைனரிலேயே நிற்க, ஒரே ஒரு குரல் அரைச் சுரம் மேலே ஏறும். அப்போது மொத்தப் பாட்டும் மேஜராகி, துக்கம் விலகிவிடும். அந்தச் சுரத்தை டீச்சர் என்னிடம் கொடுத்திருந்தார். வாய் திறக்கிற அளவுக்குத் திறந்து ஏறினேன். பிசிறடித்தது. ஆனாலும் ஏறியது.

ஒரு வருஷமாக நான் எங்கும் ஓடவில்லை, மாவா தொடவில்லை. ஸ்தோத்திரம். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது உங்கள்மேலேயே அருவருப்பு வந்தால், அதை வாசனைப் பாக்கு போட்டு மறைக்காதீர்கள். அதை அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். மெதுவாகக் கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.