ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டுப்பால்

எட்டு வயதில் எனக்கு வாய் நீளம். யாரும் கேட்காத கேள்விக்குக்கூடப் பதில் சொல்லிவிடுவேன்.

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். மழையில் உளுத்துப்போன பலகை ஜன்னலைக் கழற்றி எறிந்துவிட்டு, அவிசாவளையில் இடித்த வீடொன்றின் கண்ணாடி ஜன்னலை அப்பா வாங்கி வந்தார். பொருத்திப் பார்த்தால் சுவரின் ஓட்டை பெரிது, ஜன்னல் சிறிது. சுற்றிவர இரண்டு விரல் இடைவெளி.

"உள்பக்கம் பலகச் சட்டம் அடிச்சா எல்லாம் மறைஞ்சிரும்" என்றார் அப்பா.

மறையும், சரி. சாரல் நிற்குமா? அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மறுநாள் வேலை முடிந்து வரும்போது பைக்குள் ஒட்டுப்பால் கொண்டுவந்து, அந்த இடைவெளி முழுக்கத் திணித்தார். மரத்து வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக் கிடக்கிற ரப்பர்தான் ஒட்டுப்பால். என்ன மூளை என் அம்மாவுக்கு என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சட்டத்தின் மூலைகளை அப்பா சரிவாக அறுத்தார். கோணல் சுவரில் ஒரு மூலையும் கூடவில்லை. தினமும் ரப்பர் மரத்தில் சரிவாகக் கோடு இழுக்கிற அம்மா, கண்ணாலேயே அளந்து பென்சிலால் கீறிக் கொடுத்தார். நான்கு மூலையும் கச்சிதமாகச் சேர்ந்தன.

"இனிமே நீதான் மரவேல பாஸ். நான் பால் வெட்டப் போறேன்" என்று அப்பா கேலி செய்தார்.

மூன்று நாள் கழித்து, தகரக் கூரையின் சூட்டில் சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒட்டுப்பால் நாறத் தொடங்கியது. அன்று பார்த்துத்தானா வரவேண்டும், வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயா? பக்கத்துக் காம்பராவின் கூரை ஒழுக்கைப் பார்க்க வந்தவர் எங்கள் வாசலில் நின்றார்.

"என்னா இது, பால் நாத்தம் அடிக்குது?"

ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து. வீட்டுக்குள் இருந்தால் களவு. பிடிபட்டால் அம்மாவுக்கு அன்றோடு வேலை இல்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

"என் மேலதாங்க ஐயா. இன்னும் குளிக்கலங்க" என்றார் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீலித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளிக்காமல் வாசல்படி மிதிக்காதவர் என் அம்மா. அவரா நாறுகிறவர்?

"பொய்யிங்க ஐயா. அம்மா குளிச்சிட்டாங்க. பாருங்க, தலகூட ஈரம்."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அம்மா என்னை அடித்ததே இல்லை.

"பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கு என்னா வேல?"

லயமே கூடும்படி அலறினேன். கண்டக்டர் ஐயா சங்கடப்பட்டுப் போனார். "சரி சரி, புள்ளைய அடிக்காதீங்க" என்று சொல்லி நடையைக் கட்டினார்.

அன்று நான் சோறு தொடவில்லை. நடந்ததை அம்மா அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என்னைப் பிடித்து மடியில் இருத்தப் பார்த்தார். நான் திமிறிக்கொண்டு ஓடினேன்.

வேற்று மனிதர் முன்னால் தன்னையே நாறுகிறவள் என்று சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வாயை மூட அந்த ஒரு அடியை விட்டால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் தெரியவில்லை. அம்மாவுக்காகப் பேசினேன், அம்மாவே அடித்துவிட்டார். இனி அவரைப் பற்றி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.