கட்டிலுக்கு நடுவே ஒரு மாநில எல்லை

லொரெட் பூஷேயின் வீட்டில் அடுப்பு மாசசூசெட்ஸில் இருந்தது, துணி துவைக்கும் மெஷின் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்தது. காபியை அடுப்பில் வைத்துவிட்டுத் துணியை எடுத்து வருவதற்குள் அவள் இரண்டு கவர்னர்களின் ஆட்சியைப் பார்த்துவிடுவாள். வீட்டைக் கட்டிய புண்ணியவானுக்கு எல்லைக்கல் கண்ணில் படவில்லையா, பட்டும் வீம்புக்குக் கட்டினானா, தெரியாது. வீட்டு வரியை இரண்டு ஊருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

தெற்கே மாசசூசெட்ஸில் சம்பளத்தில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். கடையில் சாமான் வாங்கினால் இன்னொரு கடி. வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்தைத் தொடமாட்டார்கள், கடையிலும் விட்டுவிடுவார்கள். ஆனால் வீடு என்று ஒன்று வைத்திருந்தால் போதும், கூரை முதல் கொல்லைவரை மொத்தமாகச் சேர்த்துக் கறந்துவிடுவார்கள்.

லொரெட்டுக்கு ஐம்பத்தாறு வயது. தெற்கேயுள்ள பெல்டன் ஊருக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். அவள் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் இரண்டு நாள் ஸ்பூன் பிடிக்க மாட்டார்கள். பெல்டனில் மூன்று முறை ரோட்டு மேஸ்திரி வேலை காலியானது. மூன்று முறையும் அவளிடம் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவனுக்கே போனது. மேஸ்திரி ஆகவேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் எந்த ரோட்டில் எத்தனை பள்ளம் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் டோனட் கடையில் யாரோ சொன்னார்கள்: எல்லைமேல் நிற்கும் வீட்டில் கட்டில் எங்கே கிடக்கிறதோ அந்த மாநிலத்து ஆள்தான் நீ என்று. லொரெட் பாதி டோனட்டை வாயில் வைத்தபடியே வீட்டுக்கு ஓடினாள். அன்று மத்தியானமே கட்டில் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போனது.

பின்னறைத் தரையில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நீளமான வெடிப்பு இருந்தது. அதுதான் எல்லை என்று வீட்டை விற்றவர் சொல்லியிருந்தார். அவள் புருஷன் ரெஜான் அந்த வெடிப்பையே முறைத்துப் பார்த்தான். அவன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மாசசூசெட்ஸ் என்றால் உயிரை விடுவான்.

"எனக்கு பென்ஷன் கொடுக்குற ஊரு இது. முட்டிக்கு ஆபரேஷன் பண்ண ஊரு இது. வரி வாங்குறான், செய்யுறான்! நான் வரமாட்டேன்."

"உன் முட்டி நல்லாத்தான் இருக்கு. என் சம்பளம்தான் நொண்டுது."

"அப்போ என் பக்கம் இங்கேயே இருக்கட்டும். நீ வேணா வெளிநாடு போ."

அப்படியே ஆயிற்று. வெடிப்பு கட்டிலின் நட்டநடுவே வருகிற மாதிரிப் போட்டார்கள். இவன் தெற்கே, அவள் வடக்கே. வடக்கேயுள்ள ஹார்லோ ஊரில் போய் வாக்காளராகவும் பெயர் எழுதிவிட்டாள். இனி என் சம்பளத்தை ஒருத்தனும் தொட முடியாது என்று டோனட் கடை கூரை அதிரச் சொன்னாள்.

ஜனவரியில் வரிக்கணக்குப் பார்க்கும் அம்மா அவளுடைய காகிதங்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"லொரெட், நீ எங்க சம்பாதிக்கிற?"

"பெல்டன்ல."

"அப்போ நீ நிலாவுல போய்த் தூங்கினாலும் அந்தச் சம்பளத்துக்கு மாசசூசெட்ஸ்லதான் வரி. தூங்குற இடத்தை மாத்துன, வேலை செய்யுற இடத்தை மாத்தலையே!"

மறுநாள் டோனட் கடையில் இருபது பேர் எழுந்து நின்று கொட்டாவி விட்டு அவளை வரவேற்றார்கள். ரெஜான் மூன்று நாள் சிரித்தான். நாலாம் நாள் தாடை வலிக்கு மாத்திரை வாங்கினான்.

லொரெட் சிரிக்கவில்லை. தூங்குகிற ஊரிலேயே வேலை வேண்டும், அவ்வளவுதானே? பிப்ரவரியில் ஹார்லோவின் ரோட்டு மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு ஃபுளோரிடாவுக்குக் குடிபோனார். அங்கே சம்பள வரியும் கிடையாது, பனியும் கிடையாது. ஹார்லோவில் மேஸ்திரியை மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். லொரெட் நின்றாள்.

எதிரே நின்றவன் கிளேட்டன் பீஸ். அவன் குடும்பம் ஹார்லோவில் இருநூறு வருஷமாக இருக்கிறது. அவர்கள் வந்த பிறகுதான் அங்கே மலையே முளைத்தது என்கிற மாதிரிப் பேசுவான்.

"வரிக்குப் பயந்து மாசசூசெட்ஸ்ல இருந்து ஓடி வருவாங்க. வந்து உட்கார்ந்ததும் அது வேணும் இது வேணும்னு ஓட்டுப் போட்டு நம்ம வரியை ஏத்துவாங்க. இந்தம்மாவுக்கு அடுப்பு அங்க, புருஷன் அங்க. இங்க என்ன இருக்கு, ஒரு தலையணையா?" என்று கேட்டு, அவள் வாக்காளரே இல்லை என்று மனுக் கொடுத்தான்.

ஊர்க்கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை காலை, வாக்காளர் பட்டியல் பார்க்கும் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவர் திருமதி வின்ஸ்லோ, கையில் நூல்கண்டு. பின்னாலேயே கிளேட்டன், கையில் காபி. கிழக்குப்பக்க எல்லைக்கல்லில் நூலைக் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, எதிர் ஜன்னல் வழியாக எடுத்து, மேற்குக் கல்லில் இழுத்துக் கட்டினார்கள்.

நூல் வெடிப்புக்கு மேலே போகவில்லை. மூன்றடி தள்ளி, வடக்குச் சுவர்ப் பக்கமாகப் போனது. கட்டில் முழுசாக மாசசூசெட்ஸில் கிடந்தது.

கிளேட்டன் காபி மூக்கு வழியாக வரச் சிரித்தான். "ஆறு மாசமா வெளிநாடு போயிட்டேன்னு சொன்னியே, வாசப்படியே தாண்டலையேம்மா!"

லொரெட்டின் காது சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம், மூன்று மேஸ்திரி வேலை, இப்போது மூன்றடி. திருமதி வின்ஸ்லோவைப் பார்த்தாள்.

"இப்போ நகர்த்தினா செல்லுமா?"

"இனிமே இங்கதான் இருக்கப்போறோம்னு ஒருத்தர் மனசார முடிவு பண்ணி இருந்தா, அதுதான் சட்டம். ஓட்டுப்பெட்டி திறக்குறதுக்குள்ள இருந்தாப் போதும்."

லொரெட் கோட்டைக் கழற்றினாள். ரெஜான் பாய்ந்து போய்த் தன் பக்கத்தில் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரி, ரெஜான்."

"மாட்டேன். என்னை நாடு கடத்தப் பார்க்கிற."

"உன்னை யாரு கூப்பிட்டா? உன் பாதி அந்தப் பக்கமே இருக்கும். நூலு நடுவுல வர்ற வரைக்கும்தான் தள்ளப்போறேன்."

"நடுவுலயா? சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ தள்ளு. நான் இறங்கமாட்டேன், அவ்வளவுதான்."

அவள் தோளைக் கொடுத்தாள். ஓக் மரக் கட்டிலும் நூற்றுப் பத்துக் கிலோ ரெஜானும் சேர்ந்து ஒரு யானைக் குட்டியாவது இருக்கும். தரை கதறியது. கட்டில் நகர்ந்தது. ரெஜான் ராஜா மாதிரி ஊர்வலம் போனான். "நிறுத்து நிறுத்து, என் முழங்கால் எல்லையைத் தாண்டுது!" என்று அலறினான். பட்டியல் பார்க்க வந்தவர்களில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் வந்து கால் பக்கம் கைகொடுத்தார். நூல் நட்டநடுவே வந்து நின்றது.

திருமதி வின்ஸ்லோ குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், நோட்டில் எழுதினாள். "தூங்குமிடம், ஹார்லோ. புருஷன், வெளியூர்."

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். ஹால் நிறையக் கம்பளிக் கோட்டு, ஈர பூட்ஸ், பன்றிக்கறியும் பீன்ஸும் வேகிற வாசனை. கிளேட்டன் எழுந்தான், தாத்தாவுக்குத் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தான். அவன் இந்தத் தலைமுறைக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் பீன்ஸ் வரிசைக்குப் போய்த் திரும்பிவிட்டார்கள். கடைசியில், "நேத்து வந்தவ நம்ம வரியை ஏத்திடுவா!" என்று முடித்தான்.

லொரெட் எழுந்தாள்.

"உங்க வரியை நான் ஏத்தமாட்டேன். எனக்கும் இங்க வீட்டு வரி இருக்கு, பின்னறைக்கு மட்டும்தான், ஆனா வலிக்குது. நான் ஒண்ணுதான் சொல்றேன். லாரி பனியைத் தள்ளிட்டுப் போகும்போது உங்க வீட்டு வண்டிப்பாதை வாயில சுவரு மாதிரி குவிச்சுட்டுப் போகுதே, அதை நான் பண்ணமாட்டேன்."

பீன்ஸ் வரிசை மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குவியலை விடிகாலையில் மண்வெட்டியால் வாராதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஜனாதிபதி யார் என்பதைவிட அந்தக் குவியலைப் பற்றித்தான் அந்த ஊரில் அதிகம் சண்டை.

"முடியவே முடியாது!" என்றான் கிளேட்டன்.

"முடியும். வீட்டு வாய்க்கு முப்பதடி முன்னாலயே லாரி மூக்குல இருக்குற தகட்டைத் திருப்பி, சுமையைக் காலி இடத்துல தள்ளிடணும். வாயைத் தாண்டுறப்போ வெறும் தகடு. வீட்டுக்கு அரை நிமிஷம் கூட ஆகும். அரை நிமிஷம் பொறுமை இருக்கணும்."

பின்வரிசையில் ஒரு கிழவர் ஊன்றுகோலோடு எழுந்தார். "பெல்டன்ல என் மக இருக்கா. கல்யாணமாகி அங்க போன நாள்ல இருந்து வாசல்ல ஒரு தடவைகூடப் பனி வாரினதில்ல. நான் இங்க வாரி வாரி இடுப்பு போச்சு. அது நீயா?"

"எந்த வீடு, ஐயா?"

"மஞ்ச வீடு. மீன் மாதிரி தபால் பெட்டி."

"ஓ, அந்த மீனா! அது வாலு ரோட்டுல நீட்டிட்டு இருக்கும். இருபது வருஷமா ஒரு செதில் உதிராமப் பார்த்துக்கிட்டேன்."

கிழவர் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். "எங்க, ஓட்டுச் சீட்டைக் குடுங்கய்யா!"

மரப்பெட்டியில் சீட்டுகள் விழுந்தன. எண்ணி முடிந்தது: கிளேட்டன் அறுபத்தொன்று, லொரெட் நூற்று நாற்பது. அறுபத்தொன்றில் நாற்பது பேர் பீஸ் குடும்பத்தார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தாலும் நாற்பத்தாறு ஓட்டுள்ள அவன் குடும்பத்திலேயே ஆறு பேர் கைமாறியிருக்கிறார்கள்.

ஓட்டுரிமை இல்லாதவர்களுக்கு ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சில் ஒரே ஓர் ஆள். ரெஜான். பக்கத்து மேஜைமேல் ஏறி நின்று அவன் போட்ட கூச்சலில் ஹால் ஜன்னல் கண்ணாடி இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து அதிர்ந்தது.

"என் பொண்டாட்டி! மேஸ்திரி! என் பொண்டாட்டி!"

"வெளியூர்க்காரர் மேஜையை விட்டு இறங்கணும்," என்றாள் திருமதி வின்ஸ்லோ. சொல்லிவிட்டு அவளும் கைதட்டினாள்.

லொரெட் வலது கையை உயர்த்திப் பதவிப் பிரமாணம் எடுத்தாள். வெளியே பஞ்சுப்பொதி பஞ்சுப்பொதியாகப் பனி விழ ஆரம்பித்திருந்தது. பழைய மேஸ்திரி போனதிலிருந்து ஊர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த கிளேட்டன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதன் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான்.

"பிரேக் கொஞ்சம் இழுக்கும்," என்றான்.

"தெரியும். ரெண்டு வருஷமா எதிர்ல வர்றப்பப் பார்க்கிறேன். வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுறேன்," என்றாள் ஹார்லோவின் ரோட்டு மேஸ்திரி. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பீன்ஸ்கூடச் சாப்பிடாமல், பனிக்குள் இறங்கினாள்.